மேலே மூணு பேர், கீழே நாலு பேர்

சேந்தமேடு ஊராட்சி அலுவலகத்துக்கு ஐந்து படிகள். கால் நன்றாக இருக்கிறவன் படியை எண்ணமாட்டான், நானும் எண்ணியதில்லை. ரத்னா வார்டு மெம்பராக ஜெயித்த பிறகுதான் எண்ணினேன். கடைசிப் படி மட்டும் மற்றவற்றைவிட இரண்டு விரல் உயரம். புது ஆட்கள் அதில் இடறாமல் உள்ளே போனதில்லை. வாசலில் ஒரு கொடிக்கம்பம், பக்கத்தில் திறப்புவிழாக் கல்வெட்டு. கல்வெட்டில் இருப்பது அந்தக் காலத்துத் தலைவரின் பெயர். இப்போதைய தலைவர் இராமச்சந்திரன் அவருடைய மகன்.

நான் அப்போது வல்லம் வடகால் பக்கம் ஒரு கம்பெனி ஸ்டோர்ஸில் வேலையில் இருந்தேன். ரத்னா வீட்டின் பின்பக்க அறையில் வாடகைக்குக் குடியிருந்தேன். ஆகவே இதில் பாதியைக் கண்ணால் பார்த்தேன், மீதியைச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டேன். ஒட்டுக்கேட்டான் என்று யாரும் சொல்ல வேண்டாம். அந்த வீட்டில் மெதுவாகப் பேசத் தெரிந்தவர் ஒருவரும் கிடையாது.

ரத்னாவுக்கு முப்பத்துநாலு வயது. 2007 மார்கழிப் பனியில் அவள் வேலைக்குப் போன வேன் கவிழ்ந்து முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே எதுவும் அசையாது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, கம்பெனியில் ட்ராலி தள்ளிக்கொண்டிருந்த சங்கரநாராயணன் அதற்கு முன்பே அவளைக் கட்டிக்கொள்வதாகச் சொல்லியிருந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் மாதம் சொன்னபடி கட்டிக்கொண்டான். இதற்காக யாராவது அவனைப் புகழ்ந்தால் ரத்னாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். “அவரு இன்னா எனக்குப் பிச்சையா போட்டாரு? நான் வடகறி வெச்சுப் போட்டு மடக்குன ஆளு அவரு” என்பாள்.

அந்த வடகறியில் உண்மை இருந்தது. வீட்டு முன்பக்கம் ஓலைச்சார்ப்பு இறக்கி, அவளும் அவள் அம்மா சந்திரம்மாளும் மெஸ் நடத்தினார்கள். விடிவதற்கு முன்பே கிரைண்டர் ஓடும். ஐந்து நாற்பது பஸ்ஸுக்குப் போகிற பையன்கள் நின்றபடியே நாலு இட்லி, ஒரு கரண்டி வடகறி முடித்துவிட்டு, மதியத்துக்குப் பொட்டலமும் வாங்கிக்கொள்வார்கள். பாதிப்பேர் தென்பக்கத்துப் பையன்கள். அவர்களுக்காகப் புதன்கிழமை கருவாட்டுக் குழம்பு, புளி தூக்கலாக. அடுப்பு மேடையை ரத்னா உட்கார்ந்து சமைக்கிற உயரத்துக்குத் தாழ்த்திக் கட்டியிருந்தார்கள். அதனால் குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போனது சந்திரம்மாளுக்குத்தான்.

“இந்த வூட்டுல நல்லா கீறவளுக்குத்தான் கஷ்டம்” என்று அம்மா புலம்புவாள்.

“உனக்கும் ஒரு வீல்சேர் வாங்கித் தரேன், கம்முனு மாவை ஊத்து” என்பாள் மகள்.

அவள் தேர்தலில் நின்றதற்குக் காரணம் அங்கன்வாடி. ஆறாவது வார்டுக் குழந்தைகள் ஒரு சிமென்ட் ஷீட்டுக் கொட்டகையில், சாக்கடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. தெருமுனையில் அங்கன்வாடிக்கென்று பத்து வருஷமாகச் சும்மா விட்டுவைத்த காலி இடம் இருந்தது. “அந்த எடத்துல கட்டடம் எழும்பணும், அவ்ளோதான் நான் கேக்கறது” என்று வீல்சேரை உருட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். 2011 அக்டோபரில் நாற்பத்தோரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாள். பதவியேற்பு பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு நடந்தது. அதனால் படிகளைப் பற்றி அன்றைக்கு ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

நவம்பர் கூட்டத்தன்று சாயங்காலம் கிளார்க் பெருமாள்சாமி தீர்மான நோட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மெஸ்ஸுக்கு வந்தார். இரண்டு மசால் வடை சாப்பிட்டார்.

“மெம்பரம்மா, உங்களுக்கு இன்னாத்துக்கு அலைச்சல்? கூட்டம் முடிஞ்சிடுச்சு. தெருவிளக்கு, மோட்டார் ரிப்பேர், வழக்கமா வர்றதுதான். இங்க ஒண்ணு போட்டுடுங்க.”

“நான் வராமயே கையெழுத்தா சார்?”

“மத்த லேடீஸ் மெம்பர் மூணு பேரும் அப்டிதாம்மா. அவங்க வூட்டுக்காரரு கூட்டத்துக்கு வருவாரு, நோட்டு வூட்டுக்குப் போவும். ஷிப்ட்டுக்குப் போற மெம்பருங்ககிட்டயும் சாயங்காலம் வூட்டுக்கே போய் வாங்கிடுவேன். உங்களுக்காக இம்மாந்தூரம் நடந்து வந்துகீறேன் பாருங்க.”

அவளுக்கு அதில் மரியாதை மட்டும்தான் தெரிந்தது. கிளார்க்கே நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு தேடி வருகிறாரே! மாவுக் கையைத் துடைத்துவிட்டு, பேனாவை வாங்கி, முழுப் பெயரையும் நிதானமாக எழுதினாள். டிசம்பரிலும் அப்படியே. அந்த ஊரில் இதற்கு ஒரு பெயரே உண்டு, வீட்டுக் கையெழுத்து. யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை.

பொங்கலுக்கு நாலு நாள் முன்பு அங்கன்வாடி இடத்தில் லாரிகள் வந்து நின்றன. முதலில் மூன்று, அப்புறம் பதினொன்று. டீசல் நாற்றம் மெஸ் வரை வந்தது. ரத்னா உருட்டிக்கொண்டு போய் டிரைவரிடம் சண்டை பிடித்தாள். அவன் பயந்து, அங்கே லாரி நிறுத்தப் பஞ்சாயத்தில் அனுமதி வாங்கியிருப்பதாக ஒரு ஜெராக்ஸைக் காட்டினான். பெருமாள்சாமிக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவர் குரல் எனக்கும் கேட்டது.

“நவம்பர் தீர்மானம்மா அது. ஏழாவது. நீங்களும் கையெழுத்து போட்டுகீறீங்களே.”

போனை வைத்துவிட்டு அவள் அன்று முழுக்கப் பேசவில்லை. அந்த வீட்டில் அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மறுநாள் வெங்காயம் நறுக்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

“எவனோ ஏமாத்திட்டான்னு சொல்லிகினு அழுவ முடியாது. என் கையாலயே போட்டேன். வடை குடுத்துப் போட்டேன்.”

ஜனவரி கூட்டத்துக்கு நோட்டு வரும்வரை அவள் காத்திருக்கவில்லை. காலை பத்தரைக்கு மெஸ்ஸை அம்மாவிடம் விட்டுவிட்டு, நீலச் சேலை கட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். சங்கரநாராயணனுக்கு இரண்டாவது ஷிப்ட். அவனும் கூடப் போனான், எனக்கும் வார விடுமுறை என்பதால் நானும். படிக்கு முன்னால் வீல்சேர் நின்றது.

மேலே வராண்டாவுக்கு வந்த இராமச்சந்திரன் பதறிப்போனார். தப்பான மனுஷன் என்று அவரைச் சொல்ல மாட்டேன். யார் வீட்டுச் சாவுக்கும் முதல் ஆளாய் நிற்பார். “இன்னா தங்கச்சி, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நோட்டு வூட்டுக்கு வந்திருக்குமே? டேய், ரெண்டு பேரு வாங்கடா, அப்டியே சேரோட தூக்குங்க.”

“தூக்க வேணாம்ணா” என்றாள் ரத்னா.

“அஞ்சு படிதானம்மா. நொடில ஏத்திடுவாங்க.”

“நான் மெம்பரு. அரிசி மூட்டை இல்ல. கூட்டத்தைக் கீழ வைங்க, இல்லன்னா நான் ஏற வழி பண்ணுங்க.”

“இது இன்னா பேச்சு? இத்தினி வருஷம் யாருக்கும் இல்லாத பேஜாரா கீதே.”

கூட்டம் மேலே நடந்தது. ரத்னா வெயிலில் கொடிக்கம்பத்து நிழல் எங்கே நகர்கிறதோ அங்கே சக்கரத்தை நகர்த்தி நகர்த்தி உட்கார்ந்திருந்தாள். அந்தக் கம்பத்தின் நிழல் ஒரு கை அகலம்கூட இல்லை. ஒன்றரை மணி நேரம் கழித்துப் பெருமாள்சாமி இறங்கி வந்தார். நோட்டை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

“போடலன்னா ‘வரவில்லை’ன்னுதாம்மா எழுதணும். வரிசையா மூணு கூட்டம் வரலன்னா பதவி போயிடும். ரூல்ஸு அது. நான் சொல்றது உங்க நல்லதுக்கு.”

“நான் வந்துட்டேன் சார். தோ, உங்க கண்ணு முன்னாடி கீறேன். ‘வரவில்லை’ன்னு எழுதறது உங்க கை. எழுதிக்கோங்க.”

எழுதினார்.

அன்று மதியம் சாப்பாட்டின்போது சங்கரநாராயணன் மெல்ல ஆரம்பித்தான். கருவாட்டுக் குழம்பு நாள், அவன் வாய்க்குப் பிடித்த நாள்; ஆனாலும் தட்டில் சோறு அப்படியே இருந்தது.

“ஏளா, நான் தூக்கிருதேன். வேற ஆளு தொட வேண்டாம். அஞ்சு படி, எனக்கு என்ன பாரமா நீ? கம்பெனில நாப்பது கிலோ கிரேட்டைத் தூக்குதேன்.”

“நீ தூக்குனா நான் உன் பொண்டாட்டி. உன் பொண்டாட்டிக்கு அங்க இன்னா வேலை?”

“இதுல என்னத்துக்கு இவ்வளவு வீம்பு?”

“வீம்புதான். கேட்டுக்கோ. ஆஸ்பத்திரில தூக்குனாங்க. ரேஷன் கடைல தூக்குனாங்க. நம்ம கல்யாணத்துல கோயில் படில தூக்குனாங்க, உன் மாமன் மவன் ஒருத்தன், என் சித்தப்பா பையன் ஒருத்தன். தூக்கறவன் கை எங்க படுதுன்னு தூக்கறவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நான் வாயைத் தொறந்தா, ‘உதவி பண்ண வந்தவனைப் போய் இப்டி சொல்றாளே’ம்பாங்க. எறக்கி வுட்டுட்டு ‘பாவம்’னு சொல்லிட்டுப் போவான். அப்பால அவன் மூஞ்சியப் பாத்து ஒரு கேள்வி கேக்க முடியுமா? தலைவரு ஆளுங்க என்னைத் தூக்கினு போய் மேல வெச்சா, லாரி ஏன் நிக்குதுன்னு நான் தலைவரைக் கேப்பேனா? நன்றி சொல்லிட்டு வந்துடுவேன்.”

சந்திரம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு கரண்டி குழம்பை மருமகன் தட்டில் ஊற்றினாள். “சாப்டுங்க மாப்ள. அவ சொல்றது சரிதான். எனக்கே இத்தினி நாளா தெரியாம போச்சு.”

தலைவருக்கு ஊர் வாய்க்குப் பயம் உண்டு. நொண்டிப் பொண்ணை வெயிலில் உட்கார வைத்தான் என்ற பேச்சு டீக்கடை வரை வந்ததும், சாய்தளம் கட்டச் சொல்லிவிட்டார். கோதண்டம் மேஸ்திரி இரண்டே நாளில் கட்டி முடித்தார். எங்கள் பக்கத்தில் கோதண்டத்தின் கை படாத வீடு கிடையாது. கம்பெனிகள் வந்து பைக் பெருகிய பிறகு, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் படிக்குப் பக்கத்தில் ஒரு சிமென்ட் சரிவு கட்டாயம். ராத்திரி பைக்கை உள்ளே ஏற்றிப் பூட்டுவதற்கு. சேந்தமேட்டில் முக்கால்வாசிச் சரிவுகள் அவர் கட்டியவை. டயர் வழுக்காமல் இருக்கக் கரண்டி முனையால் அவர் கோடு கோடாகக் கீறுகிற அழகே தனி.

பிப்ரவரி கூட்டத்தன்று சரிவுக்குக் கற்பூரம் காட்டினார்கள். எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். ரத்னா பெரிய சக்கரங்களை இரண்டு கையாலும் பிடித்து ஒரு தள்ளு தள்ளினாள். முன் சக்கரம் ஒரு முழம் ஏறியது. அப்புறம் வண்டி அப்படியே பின்னால் சாய்ந்தது. சங்கரநாராயணன் முதுகைக் கொடுத்துப் பிடித்திராவிட்டால் மண்டை தரையில் பட்டிருக்கும். இன்னொரு முறை முயன்றாள். அதேதான். ஐந்தடி நீளத்தில் இரண்டரை அடி உயரம் ஏறுகிற சரிவு அது. கூட்டத்துக்கு லேட்டாக வந்த மெம்பர் ஒருவர் தன் பைக்கை வேகம் குறைக்காமல் சரிவில் விட்டு ஏற்றி, வராண்டாவில் நிழலில் நிறுத்தினார்.

சிரித்தவர்களில் நானும் உண்டு. சிரித்த பிறகு வெட்கமாக இருந்தது.

“மேஸ்திரி, இது எந்த வண்டிக்குக் கட்டுனது?” என்றாள் ரத்னா, மூச்சு வாங்க.

கோதண்டம் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். “சத்தியமா உனக்குன்னுதாம்மா கட்டுனேன். சாய்தளம்னாங்க. எனக்குத் தெரிஞ்ச சரிவு இது ஒண்ணுதான். இருபது வருஷமா இதே அளவு. இஞ்சின் இல்லாத வண்டி ஏறுமா ஏறாதான்னு நான் ரோசனையே பண்ணலியே.”

“போட்டும் வுடுங்க. உங்க மேல தப்பில்ல.”

“தப்புதான்மா” என்றார் அவர்.

பெருமாள்சாமி இரண்டாவது ‘வரவில்லை’யை எழுதினார். மார்ச்சில் மூன்றாவதும் எழுதினால் பதவி போய்விடும்.

அந்த வாரம் சங்கரநாராயணன் கம்பெனியிலிருந்து வரும்போது ஒரு டேப்பைக் கொண்டுவந்தான். ஊராட்சி வாசலில் கோதண்டத்தைப் பக்கத்தில் நிற்கவைத்துச் சரிவை அளந்தான். அவன் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

“அண்ணாச்சி, எங்க லைனுக்கு ஏறுத ராம்ப் இருக்குல்லா, ஒரு அடி ஏறணும்னா பன்னெண்டு அடி நீளம் போட்டிருக்காவ. ஒரு இஞ்சு கூடிப் போச்சுன்னாலும் ஆடிட் பண்ண வாறவன் விடமாட்டான். ட்ராலில ஒரு டம்ளர் நெறைய தண்ணிய வச்சுத் தள்ளிப் பாப்பாவ. சிந்தக்கூடாது. சிந்துச்சுன்னா ஒடச்சுட்டு மறுபடி கட்டணும்.”

“எதுக்குப்பா அம்மாம் பதமா?”

“இஞ்சின் பார்ட்ஸுல்லா. ஒண்ணோடொண்ணு இடிச்சுச்சுன்னா கீறல் விழும். இரும்புக்கு நோவக்கூடாதுன்னு பன்னெண்டுக்கு ஒண்ணு. மனுஷிக்கு நீரு போட்டது ரெண்டுக்கு ஒண்ணு.”

கோதண்டம் விரலால் காற்றில் கணக்குப் போட்டார். இரண்டரை அடிக்கு முப்பது அடி. நேராகப் போட வாசலில் இடமில்லை. சுற்றுச்சுவரை ஒட்டிப் போய், நடுவில் நின்று திரும்பச் சமமாக ஒரு தட்டு விட்டு, திரும்பி வரவேண்டும். திரும்புகிற இடத்தில் கல்வெட்டு நின்றது.

தலைவரிடம் போய்ச் சொன்னார்கள். அவர் முகம் சிவந்துவிட்டது. “எங்கப்பா பேரு பொறிச்ச கல்லுடா அது. அத்த நகத்தச் சொல்றீங்களா? அவளை நாலு பேரு தூக்கினா தீந்துச்சு. இதுக்குப் போயி எங்கப்பாவைப் பேர்க்கணுமா?”

மார்ச் கூட்டத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. ரத்னா பால்காரி சுந்தராம்பாளிடம் போனாள். சுந்தராம்பாள் மூன்றாவது வார்டு மெம்பர். மூன்று மாடு வைத்திருந்தாள், மெஸ்ஸுக்குப் பால் அவளிடமிருந்துதான். கூட்டத்துக்குப் போவது அவள் புருஷன். வீட்டுச் சந்தில் வீல்சேர் நுழையாது. ரத்னா தெருவில் நின்றே கத்தினாள். சாணிக் கையோடு சுந்தராம்பாள் வந்தாள்.

“இன்னாடி, பால் தண்ணியா கீதா?”

“பால் நல்லாதான் கீது. அக்கா, நீ மெம்பரா, உன் வூட்டுக்காரரு மெம்பரா?”

“இது இன்னா கேள்வி? ஓட்டு எம் பேருல. போறது அவரு. ஆம்பளைங்க நடுவுல போய் ஒக்காந்துகினு நான் இன்னா பேசறது?”

“ஆபீசு உள்ள எப்டி கீதுன்னு பாத்துகீறியா?”

“எங்க பாத்தேன்? ரோட்டுலர்ந்து பாக்கறதுதான்.”

“நானும் ரோட்டுலர்ந்துதான். எனக்கு அஞ்சு படி தடுக்குது. உனக்கு ரெண்டு காலும் நல்லா கீதே. உன்னை எது தடுக்குதுக்கா?”

சுந்தராம்பாளுக்குக் கோபம் வந்துவிட்டது. “போடி, காலங்காத்தால வந்துட்டா” என்று உள்ளே போனாள். ஆனால் மறுநாள் பால் ஊற்ற வந்தவள் போகாமல் நின்றாள். லாரிக்காரன் தெருவில் ஒன்றுக்குப் போவதைப் பற்றிப் பேசினாள், அங்கன்வாடியில் தன் மருமகள் விட்டுவிட்டு வருகிற குழந்தையைப் பற்றிப் பேசினாள். “அந்த லாரித் தீர்மானத்துல எம் பேரும் கீதா?” என்று கடைசியில் கேட்டாள்.

“உன் பேரு, அன்னக்கிளி பேரு, இசைவாணி பேரு, எல்லாம் கீது. நாம நாலு பேரும் சேந்துதான்க்கா லாரிய இட்டாந்து வுட்டோம்.”

மார்ச் கூட்டத்தன்று பத்தரை மணிக்கு ரத்னா அலுவலக வாசலில் இருந்தாள். பத்து நாற்பதுக்கு, கக்கத்தில் ஒரு கோரைப்பாயோடு சுந்தராம்பாள் வந்தாள். கல்யாணத்துக்குக் கட்டுகிற பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டிருந்தாள். பின்னாலேயே அன்னக்கிளியும் இசைவாணியும். நாலு பேரும் பெண் மெம்பர்கள். நாலு பேரும் அந்த வாசலுக்கு ஒன்றாக வந்தது அதுதான் முதல் தடவை. கொடிக்கம்பத்தடியில் பாயை விரித்து, வீல்சேரைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

மேலேயிருந்து சுந்தராம்பாளின் புருஷன் எட்டிப் பார்த்தார். “இங்க இன்னாடி பண்ற?”

“கூட்டத்துக்கு வந்துகீறேன். நீ இன்னா பண்ற அங்க? மாட்டுக்குத் தண்ணி வெச்சியா?”

தெருவே சிரித்தது. மனுஷன் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கிப் போய்விட்டார். மற்ற இரண்டு புருஷன்மார்களும் அவர் பின்னாலேயே நழுவினார்கள்.

இப்போது மேலே தலைவரும் இரண்டு மெம்பர்களும் மட்டும். மீதி மூன்று ஆண் மெம்பர்களும் வழக்கம்போல ஷிப்ட்டில். அவர்களுடையது சாயங்காலத்து வீட்டுக் கையெழுத்து. பெருமாள்சாமி நோட்டோடு படியில் இறங்கினார், ஏறினார், பாதியில் நின்றார். அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

“தலைவரே,” என்றார், “மேல மூணு பேரு. கீழ நாலு பேரு. கூட்டம் எங்க நடந்துச்சுன்னு எழுதறது?”

“மேலன்னு எழுதுய்யா!”

“நாலு பேரும் வரலன்னு எழுதணும் அப்போ. வாசல்ல ஒக்காந்துகீறாங்க. ஊரே பாத்துகினு கீது. நாளைக்கு எவனாவது கேட்டா என் வேலை போயிடும் தலைவரே. எனக்கு ரெண்டு பொண்ணு.”

ரத்னா கீழேயிருந்து சொன்னாள். “அண்ணா, யாரும் உங்களைத் தூக்க வேணாம். உங்களுக்குக் கால் நல்லா கீது. நீங்க எறங்கி வரலாம். நான்தான் ஏற முடியாது.”

இராமச்சந்திரன் வராண்டாவில் அப்படியே நின்றார். இறங்குவதா வேண்டாமா என்று அவர் யோசித்தது அரை நிமிஷம் இருக்கலாம். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஐந்து படியும் இறங்கினார். பாயில் உட்காரவில்லை. கீழ்ப்படியில் உட்கார்ந்தார். ஆனாலும் உட்கார்ந்தார்.

முதல் தீர்மானம் முப்பதடி சாய்தளம். ரத்னா சொல்லச் சொல்லப் பெருமாள்சாமி எழுதினார். கல்வெட்டு என்று வந்ததும் தலைவர் கையை உயர்த்தினார். “எங்கப்பா கல்லை மட்டும் தொடாதீங்க. கட்டடத்தை அவருதான் கொண்டாந்தாரு.”

பதில் ரத்னாவிடமிருந்து வரவில்லை. சுந்தராம்பாள் பேசினாள். ஆண்கள் நடுவில் என்ன பேசுவது என்று கேட்டவள்.

“ஏன் தலைவரே, அந்தக் கல்லு பதினஞ்சு வருஷமா வெயில்லயும் மழையிலயும் வெளிய நிக்குது. அத்த உள்ள எடுத்துனு போயி உங்க சேருக்குப் பின்னாடி செவுத்துல பதிங்களேன். உங்கப்பா பேரும் உள்ள போவட்டும், இவளும் உள்ள போவட்டும்.”

தலைவர் கல்வெட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பேனாவைக் கேட்டார். ரத்னாவிடம் நோட்டு வந்தபோது, எழுதியிருந்தது முழுவதையும் ஒரு தடவை படித்தாள், இன்னொரு தடவை படித்தாள், அப்புறம்தான் கையெழுத்துப் போட்டாள்.

பழைய சரிவைக் கோதண்டமே கடப்பாரை போட்டு உடைத்தார். உடைக்க ஆள் வைக்கச் சொன்னதற்கு, “நான் கட்டுனது, நானே ஒடைக்கறேன்” என்றார். புதியதை முடிக்க ஐந்து வாரம் பிடித்தது; நடுவில் வந்த ஏப்ரல் கூட்டமும் கீழே கொடிக்கம்பத்தடியில்தான். சங்கரநாராயணன் ஷிப்ட் முடிந்து வந்து அளப்பான். இவர் பூசியதை அவன் குறை சொல்ல, அவர் திட்டிக்கொண்டே மறுபடி பூசுவார். வெயில் கொளுத்தியது. சந்திரம்மாள் இரண்டு பேருக்கும் மோர் கொண்டுபோய்க் கொடுப்பாள். கைப்பிடிக்கு நல்ல வழவழப்பான குழாய் போட்டார்கள். கடைசி நாள் மெஸ்ஸின் எவர்சில்வர் டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, வீல்சேரில் வைத்து, கோதண்டம் தன் கையாலேயே கீழிருந்து மேல்வரை தள்ளிக்கொண்டு போனார். குனிந்து டம்ளரையும் பார்த்தார், சீட்டையும் தடவிப் பார்த்தார்.

“சிந்தலப்பா” என்றார்.

மே மாதக் கூட்டம். நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். மெஸ்ஸைப் பூட்டிவிட்டுச் சந்திரம்மாளும் வந்திருந்தாள். ரத்னா அதே நீலச் சேலையில் இருந்தாள். சாய்தளத்தின் அடியில் நின்று கையுறை போட்டுக்கொண்டாள். கூட்டத்தில் நின்றிருந்த யாரோ ஒருத்தர் உதவுகிற நினைப்பில் பின்னால் வந்து கைப்பிடியைப் பிடித்தார்.

“கையை எடுங்க” என்றாள் திரும்பிப் பார்க்காமல்.

அவர் எடுத்தார். அவள் தள்ளினாள். சுவரை ஒட்டிப் பதினைந்தடி. தட்டில் நின்று மூச்சு வாங்கினாள். முன்பு கல்வெட்டு நின்ற இடம் அது. திரும்பினாள். மறுபடி பதினைந்தடி. தோள் இரண்டும் நடுங்கியதைப் பார்த்தேன். சங்கரநாராயணன் பக்கத்திலேயே நடந்தான், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. அப்படிக் கட்டிக்கொள்ள அவன் எவ்வளவு பாடுபட்டிருப்பான் என்று எனக்குத் தெரியும். கடைசிப் படியில் கூடுதலாக இருந்த அந்த இரண்டு விரல் உயரத்தைக் கோதண்டம் தட்டி எடுத்துச் சமமாக்கியிருந்தார். சக்கரம் இடறாமல் உள்ளே போனது.

சுந்தராம்பாளும் மற்ற இரண்டு பேரும் ஏற்கெனவே மேஜையில் இருந்தார்கள். ரத்னாவுக்கு ஒரு பக்கம் நாற்காலி போடாமல் விட்டிருந்தார்கள். தலைவருக்குப் பின்னால் சுவரில் அவர் அப்பாவின் கல் பளபளவென்று இருந்தது. நாங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றோம். இராமச்சந்திரன் எழுந்து நின்று கை கூப்பினார்.

“வா தங்கச்சி. வந்துட்ட இல்ல, ரொம்ப சந்தோஷம். பெருமாள்சாமி, மெம்பருக்கு ஒரு கலர் சோடா வாங்கிட்டு வரச் சொல்லு. அப்பால இன்னைக்கு அஜெண்டாவைப் படி.”

“கலர் அப்புறம் குடிக்கலாம்ணா,” என்றாள் ரத்னா. கையுறையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். “கிளார்க்கு சார், பழைய நோட்டு எங்க கீது?”

“பீரோல கீது மெம்பரம்மா. அது எதுக்கு இப்போ?”

“எடுத்துனு வாங்க. நவம்பர் மாசம், ஏழாவது தீர்மானம். அதுல என் கையெழுத்து கீது. அன்னிக்குப் படிக்காம போட்டேன். இன்னிக்குப் படிச்சுட்டுப் பேசறேன்.”

பெருமாள்சாமி தலைவரைப் பார்த்தார். தலைவர் மேஜையைப் பார்த்தார். சுந்தராம்பாள் பச்சைப் பட்டின் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “எடுங்க சார், எனக்கும் படிச்சுக் காட்டுங்க” என்றாள்.

கிளார்க் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு பீரோவைத் திறக்கப் போனார். ரத்னா இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் போட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.